எந்த மரங்கொத்தி? புக்கிட் பாத்தோக்கின் பறவைப் பதிவுகளும் பெயர்களும்

புக்கிட் பாத்தோக்கில் நான் குடியேறியது 1993ஆம் ஆண்டில். அன்று முதல், காலை நடையின்போது கண்ணிற்பட்டவற்றைச் சிறு குறிப்பேடுகளில் எழுதிவைத்து வருகிறேன். பறவையியல் என் துறையன்று. ஆயினும் மொழியியல் பயின்றவனுக்குக் கேட்டதையும் கண்டதையும் எழுதிவைக்கும் நோய் எளிதில் விடுவதில்லை. சென்ற ஆண்டு, எங்கள் புளோக்கில் வசிக்கும் உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் பள்ளித் திட்டப்பணிக்காக அக்குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கிச் சென்றார். முப்பது ஆண்டுகளில் இவ்வட்டாரத்து மரங்கொத்திகள் கூடினவா, குறைந்தனவா என்று ஒரு வரைபடம் தீட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். மூன்றாம் நாளே குறிப்பேடுகளோடு திரும்பி வந்தார்.

"அங்கிள், எல்லாப் பக்கத்திலயும் மரங்கொத்தின்னுதான் எழுதியிருக்கீங்க. எந்த மரங்கொத்தி?"

என்னால் விடை கூற இயலவில்லை. "குளத்தருகே மரங்கொத்தி, ஒன்று" என்று எழுதியவன் நான்தான். அது சிட்டுக்குருவியின் அளவினதா, மைனாவைவிடப் பெரியதா என்பதுகூட அந்த வரியில் இல்லை. ஆண்டுக்கணக்கான குறிப்புகள் ஒரே சொல்லின் பொதுமையால் அம்மாணவிக்குப் பயன்படாமற் போயின. அந்தச் சொல்லையும் அது மறைத்துவிட்ட பறவைகளையும் பற்றியதே இக்கட்டுரை.

மரங்கொத்தி என்பது காரணப்பெயர். மரத்தைக் கொத்துவது என விரியும். மகர ஈறு ககரத்தின்முன் ஙகரமாகத் திரிந்தது. இறுதியிலுள்ள இகர விகுதி அச்செயலைச் செய்யும் உயிரைக் குறித்தது. மீன்கொத்தி என்பதும் இதே வாய்பாட்டில் அமைந்த சொல்லாகும். சீனமொழியில் இப்பறவைக்கு வழங்கும் 'சுவோ மூ நியாவ்' என்னும் பெயரும் கொத்துதல், மரம், பறவை என்னும் மூன்று சொற்களின் சேர்க்கையே. தொடர்பற்ற இரு மொழிக்குடும்பத்தார் ஒரே செயலைக் கண்டு ஒரே வகையில் பெயரிட்டிருக்கிறார்கள். மலாய்மொழியில் 'பெலாத்தோக்' என்பார்கள். அதன் கடைசி அசையில் அலகு மரத்தில் படும் ஓசை கேட்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் இத்தகைய தோற்றங்களை நம்பிச் சொல்லாராய்ச்சி செய்யக்கூடாது என்பதற்கு எங்கள் வட்டாரத்தின் பெயரே சான்று. 'பாத்தோக்' என்பது இருமலைக் குறிக்கும் மலாய்ச் சொல் என்றும், கற்சுரங்கத்தில் பாறைகளை வெடிவைத்து உடைத்த ஓசை மலை இருமுவதுபோல் கேட்டது என்றும் ஒரு விளக்கம் உண்டு. தென்னையோடு தொடர்புடைய சாவகச் சொல் என்பது மற்றொரு விளக்கம். பெலாத்தோக்கும் பாத்தோக்கும் ஒலியில் ஒத்திருப்பதால் இது 'மரங்கொத்தி மலை' என்று யாரேனும் ஒருநாள் எழுதக்கூடும். மாணவர்கள் அதனை ஏற்க வேண்டாம்.

மலாய்ப் பெயரீடு பொதுப்பெயரோடு நிற்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது. பொன்னிற முதுகுடைய ஒருவகைக்குப் 'பெலாத்தோக் பினாங் மூடா' என்று பெயர். இளம்பாக்கு என்பது அதன் அடைமொழி. செம்பழுப்பு நிறமுடைய மற்றொரு வகை 'பெலாத்தோக் பிஜி நங்கா', அதாவது பலாக்கொட்டை மரங்கொத்தி. பாக்கும் பலாவும் நமக்கும் அன்றாடப் பொருள்களே. எனினும் இந்நாட்டுத் தமிழர் பேச்சில் மரங்கொத்திக்கு இப்படியோர் அடைமொழி வழங்கி நான் கேட்டதில்லை. தமிழ்நாட்டிலோ குழப்பம் வேறுவிதமானது. கொண்டையும் நீண்ட அலகும் இருப்பதால் கொண்டலாத்தியையே மரங்கொத்தி எனச் சுட்டுவோர் அங்குப் பலர். கொண்டலாத்தி தரையில் இரை தேடும் பறவை. மரங்கொத்திக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆகவே, பெரியவர் ஒருவர் தம் இளமையில் ஊர்த்தோட்டத்தில் மரங்கொத்திகள் நிறைய இருந்தன என்று கூறினால், எந்தப் பறவையைச் சொல்கிறார் என்பதை முதலில் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

இன்று புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்காவில் பொறுமையோடு நடப்பவர் நான்கு வகை மரங்கொத்திகளைக் காணக்கூடும். மிகச் சிறியது சுண்டாக் குள்ள மரங்கொத்தி. ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நீளமே உடையது; பழுப்பும் வெள்ளையும் கலந்த மேனி. மெல்லிய கிளைகளில் தலைகீழாகவும் தொற்றிச் செல்லும். கழகக் குடியிருப்புகளின் நடைபாதையோர மரங்களிலும் இது வாழ்கிறது; அளவில் சிறியதாகையால் பலர் இதனை மரங்கொத்தி என்றே அறிவதில்லை. என் பழைய குறிப்பேடுகளில் 'சிட்டு போன்றது, பெயர் தெரியவில்லை' என்றிருக்கும் சில வரிகள் இதனைக் குறித்தவை என இப்போது ஐயுறுகிறேன்.

அடுத்தது பொன்முதுகு உடையது. ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளம். பறக்கும்போதே உரத்த குரலில் படபடவெனக் கத்தும். ஆணுக்குச் சிவந்த கொண்டை. பெண்ணுக்குக் கருங்கொண்டையில் வெண்கோடுகள். இங்கே ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் வெளியாகும் பறவை நூல்களில் 'பொன்முதுகு மரங்கொத்தி' என்றிருப்பது நம் சிங்கப்பூர்ப் பறவையன்று. அது டைனோபியம் பெங்காலென்ஸ். நம்முடையது டைனோபியம் ஜாவனென்ஸ். தமிழ்நாட்டுச் சமவெளிப் பறவைக்கு வாலடி முதுகு கறுப்பு, காலில் விரல்கள் நான்கு. நம் பறவைக்கு அவ்விடம் சிவப்பு, விரல்கள் மூன்று. நூலைப் பார்த்துப் பெயரெழுதும் மாணவர் பெயரைச் சரியாகவும் பறவையைத் தவறாகவும் எழுதிவிடுவார்.

இலங்கையில் இச்சிக்கல் இன்னும் சுவையானது. யாழ்ப்பாணத்தில் காணப்படும் மரங்கொத்திக்கு முதுகு பொன்னிறம். தீவின் தெற்கே செந்நிறம். இடைப்பட்ட நிலப்பகுதியில் இரண்டும் கலந்த நிறத்தன. நெடுங்காலம் ஒரே இனத்தின் இரு வடிவங்கள் எனக் கருதப்பட்ட இவற்றை, 2016இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று இரு வேறு இனங்களாகக் கொள்ள வேண்டும் என்றது. வட்டார வழக்குகளின் எல்லைக்கோட்டை வரைந்து பழகியவர்க்கு இந்த நிலப்படம் மிகவும் பழக்கமானதாகத் தோன்றும்.

மூன்றாவது, சிவந்த சிறகும் வரிவரியான வயிறும் மஞ்சள் முனையுடைய பிடரிக் கொண்டையும் கொண்டது. நான்காவது, பச்சை முதுகும் வயிற்றில் வலைப்பின்னல் போன்ற கோலமும் உடையது. எறும்புகளைத் தேடித் தரைக்கும் இறங்கும். இந்நான்கினும் அரிதாக ஐந்தாவதொன்று உண்டு. அது மேலே சொன்ன பலாக்கொட்டை நிறத்தது. மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் வாழும் இனமாதலால், தமிழ்நாட்டு நூலிலுள்ள பெயரை இதற்கு மட்டும் தயக்கமின்றி எடுத்தாளலாம். மரத்தில் எறும்புகள் கட்டிய கூட்டையே குடைந்து அதனுள் முட்டையிடும் வியப்புக்குரிய பறவை இது. இதன் முரசொலி விரைவாகத் தொடங்கிப் படிப்படியாகத் தளர்ந்து நிற்கும். அணையப்போகும் மோட்டார் சைக்கிள் இன்ஜினை நினைத்துக்கொள்ளலாம்.

முரசொலி என்றதைச் சற்று விளக்க வேண்டும். மரங்கொத்தி மரத்தைத் தட்டுவதெல்லாம் உணவுக்காக அன்று. இரை தேடும் தட்டல் ஒழுங்கற்றது. நின்று நின்று வரும். முரசொலியோ சீரான வேகத்தில் அமைந்த ஓசைத்தொடர். இது என் எல்லை என்று பிற பறவைகளுக்கு அறிவிப்பதும் துணையை அழைப்பதும் அதன் பயன்கள். பாடும் பறவைகள் குரலால் செய்வதை இது மரத்தால் செய்கிறது. ஓசை நன்றாகப் பரவும் உலர்ந்த கிளையைத் தேர்ந்தே தட்டும். இனத்துக்கு இனம் வேகமும் நீளமும் மாறுபடுவதால், பழகிய காது பறவையைக் காணாமலே வகையைக் கூறிவிடும்.

இனிப் பதிவுகளுக்கு வருவோம். பறவை நோக்கர்கள் ஆங்கிலத்தில் எழுதிவைத்த பட்டியல்களைக் காலவரிசையில் அடுக்கினால் முதலில் திகைப்பே மிஞ்சும். பழைய பட்டியல்களில் 'பிரௌன் கேப்டு வுட்பெக்கர்' என்றொரு பறவை எங்கும் காணப்படுகிறது. பின்னர் அது மறைந்து, 'சுண்டா பிக்மி வுட்பெக்கர்' என்ற புதியதொன்று எங்கும் தோன்றுகிறது. 'காமன் கோல்டன்பேக்' குறையக் குறைய 'காமன் ஃபிளேம்பேக்' பெருகுகிறது. ஓர் இனம் அழிந்து மற்றோர் இனம் குடியேறியதா? அப்படி ஒன்றும் நிகழவில்லை. பறவைகள் அதே கிளையில்தான் இருந்தன, பெயர்தான் பறந்தது. அறிவியற்பெயரும் நிலையானதன்று. அந்தக் குள்ள மரங்கொத்தி பிகாய்டஸ், டென்ட்ரோகோபஸ், யுங்கிபிகஸ் என்னும் பேரினங்களில் மாறி மாறி வைக்கப்பட்டது. மாறாமல் நிலைத்த 'மொலுக்கென்சிஸ்' என்னும் இரண்டாம் பகுதியோ தொடக்கத்திலேயே பிழையானது. மொலுக்கா தீவுகளில் மரங்கொத்தி இனம் எதுவும் இல்லை. 1788இல் நேர்ந்த பிழை, பெயரிடும் விதிகளின்படி இன்றும் தொடர்கிறது. திருத்தப்படாத பிழையே மரபாகிவிடுவதை மொழி வரலாற்றிலும் நாம் காண்கிறோம் அல்லவா?

பெயர்மாற்றத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மெய்யான இழப்பு எஞ்சுகிறது. அது பெரியது. பக்னில், சேசன் ஆகிய இருவர் எழுதிய சிங்கப்பூர்த் தீவின் பறவைகள் பற்றிய நூல் 1927இல் வெளிவந்தது. அதுபோன்ற பழைய பதிவுகளையும் பிற்காலக் கள ஆய்வையும் ஒப்பிட்டு, 1923 முதல் 1998 வரையிலான 75 ஆண்டு மாற்றத்தை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. காஸ்டெல்லெட்டா, நவ்ஜோத் சோதி, சுபராஜ் ஆகிய மூவர் அதன் ஆசிரியர்கள். காட்டுப் பறவைகளின் இழப்பு மிகக் கடுமையானது என்பது அவர்களின் முடிவு. மூன்றாமவரான சுபராஜ் ராஜதுரை இந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்பில் முன்னின்றவர், 2019இல் மறைந்தார். ஆங்கிலத்தில் நன்கறியப்பட்ட அவருடைய பணி நம் தமிழ் வகுப்பறைகளில் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் மனக்குறை.

இழந்த மரங்கொத்திகளில் ஒன்று பெருஞ்சாம்பல் மரங்கொத்தி. ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் நீளமுடையது. உலகில் இன்று உறுதியாக உயிரோடிருக்கும் மரங்கொத்திகளில் அதுவே மிகப் பெரியது. வெண்வயிறும் கரிய மேனியும் கொண்ட மற்றொன்று, தீவின் நடுப்பகுதிக் காடுகளில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை மிகச் சிறு எண்ணிக்கையில் நீடித்துப் பின் இல்லாமற்போனது. எஞ்சியவை பெரும்பாலும் சிறியனவும், காட்டின் விளிம்பிலும் தோட்டங்களிலும் வாழக் கூடியனவும்தாம். காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. பெரிய பறவை பொந்து குடைவதற்குப் பருத்த அடிமரம் வேண்டும். அதுவும் நின்றபடியே பட்டுப்போன, உள்ளே மென்மையடைந்த மரமாக இருத்தல் நன்று. ஓர் இணை வாழ்வதற்குப் பரந்த காடும் தேவை. மிளகும் கம்பீரும் பயிரிடுவதற்காக 19ஆம் நூற்றாண்டில் இத்தீவின் காடுகள் அழிக்கப்பட்டன. 1880களில் எஞ்சியிருந்தது சிறு பகுதியே.

பட்டமரம் என்னும் சொல் நமக்கு வாழ்விழந்ததன் உவமை. மரங்கொத்திக்கு அதுவே உணவும் வீடும். ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் 1854இல் சிங்கப்பூருக்கு வந்தபோது, இன்றைய அப்பர் புக்கிட் தீமா சாலையிலுள்ள செயின்ட் ஜோசப் தேவாலயத்தில் பிரெஞ்சு மதகுருவோடு தங்கினார். எங்கள் வட்டாரத்திலிருந்து நெடுந்தொலைவில்லை. அங்கே சிறிய பரப்பில் ஏறத்தாழ 700 வகை வண்டுகளைச் சேகரித்த அவர், அந்த வளத்துக்குக் காரணம் சீன மரவெட்டிகளின் உழைப்பு என்று எழுதினார். அவர்கள் தொடர்ந்து மரங்களை வெட்டியதால் பட்டையும் கட்டையும் மரத்தூளும் குவிந்துகிடந்தன; அவற்றில் வண்டுகள் பெருகின. வண்டின் புழுக்கள் பெருகும் இடத்தில் அவற்றைத் தின்னும் பறவைக்கும் குறைவிராது. ஆயினும் அந்தச் செழிப்பு காடு அழிந்துகொண்டிருந்ததன் விளைவு. வெட்டி முடித்த பின் இரையும் இல்லை, மரமும் இல்லை. ஓரிடத்தில் ஒரு காலத்தில் பறவைகள் மிகுதியாகத் தென்பட்டன என்ற பதிவைப் படிக்கும்போது இதனை நினைவிற்கொள்ள வேண்டும். மிகுதி எப்போதும் நலத்தின் அடையாளமன்று.

புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்கா தொல்காடு அன்று. கைவிடப்பட்ட கற்சுரங்கத்தைச் சுற்றித் தானே வளர்ந்த இளங்காட்டில் 1988இல் அமைக்கப்பட்டது. பரப்பளவு 36 ஹெக்டேர். லிட்டில் குய்லின் என்று நாம் அழைக்கும் குளமும் பாறையும் இதுபோன்ற மற்றொரு சுரங்கத்தின் எச்சமே. இத்தகைய நிலங்களில் விரைந்து வளரும் அல்பீசியா மரம் மென்மையான கட்டையுடையது; கிளைகள் எளிதில் பட்டுப்போகும். மனிதர்க்கு அதனால் ஆபத்து, மரங்கொத்திக்கு ஆதாயம். 1963இல் தொடங்கிய மரநடு இயக்கத்தின் பயனாகச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் முதிர்ந்து நிற்பதும் சிறிய வகைகளுக்கு உதவியிருக்கிறது. பாதுகாப்புக் கருதிப் பட்ட கிளைகளை வெட்டிவிடுவது இதன் மறுபக்கம். நடைபாதையின்மேல் தொங்கும் உலர்ந்த கிளையை அப்படியே விட்டுவையுங்கள் என்று எந்த அறிவுடையவரும் கேட்கமாட்டார். பூங்காவின் உட்பகுதியில், மனிதர் நடமாட்டமில்லாத இடத்தில் நிற்கும் பட்டமரத்தை விட்டுவைக்கலாம் என்று கேட்பதில் தவறில்லை.

அண்மைக்கால மாற்றங்களும் உண்டு. மலேசிய ரயில்பாதை 2011 நடுவில் மூடப்பட்டு, 24 கிலோமீட்டர் நீளப் பசுமைத் தடமாயிற்று. 2013இல் புக்கிட் தீமா விரைவுச்சாலையின்மேல் 62 மீட்டர் நீளமுள்ள பசுமைப் பாலம் கட்டி முடிக்கப்பட்டது. அதே வேளையில், மேற்கே ஏறத்தாழ 700 ஹெக்டேர் நிலப்பரப்பில் தெங்கா புதுநகர் எழுகிறது. அங்கு 100 மீட்டர் அகலமுள்ள காட்டுத்தடம் ஒன்று திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. தெங்காவின் காடு குறையும் ஆண்டுகளில் புக்கிட் பாத்தோக்கில் மரங்கொத்திகள் அதிகமாகத் தென்பட்டால், அதனை வளர்ச்சி என்று எழுதுவதா, இடப்பெயர்ச்சி என்று எழுதுவதா? ஓரிடத்துப் பதிவை மட்டும் வைத்து இதற்கு விடை காண முடியாது. அந்த மாணவியின் வரைபடம் என் குறிப்பேடுகளால் மட்டும் அமைந்திருந்தால், வகைப்பெயர் இருந்திருந்தாலுங்கூட இந்த இடத்தில் தடுமாறியிருக்கும்.

பார்ப்பவர்களும் மாறிவிட்டனர். ஃபிலிம் சுருளில் 36 படம் எடுத்த காலத்தில் பறவையைப் படமெடுத்தவர் சிலர். மின்னிலக்கக் கேமரா வந்தபின் ஒரே காலையில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கிறார்கள். 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் வெளிநாடு செல்ல இயலாதோர் பூங்காக்களில் நடக்கத் தொடங்கினர். கண்கள் பெருகினால் காட்சிகளும் பெருகும். அதனால் பறவை பெருகிவிட்டது என்றாகாது.

வட்டார வழக்காய்வில் நாங்கள் பட்டறிந்த பாடம் இது. நல்ல சாலையுள்ள ஊர்களுக்கே ஆய்வாளர் செல்வார். அவ்வூர்ச் சொற்களே தொகுப்பில் நிறையும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் ஒரு சொல் இடம்பெறவில்லை என்பதால் அச்சொல் வழக்கில் இல்லை என்று கூறிவிட முடியுமா? 'கடைசியாகப் பதிவானது' என்பதும் 'கடைசியாக வாழ்ந்தது' என்பதும் வேறு வேறு செய்திகள். பறவைக்கும் இது பொருந்தும். எத்தனை மணி நேரம், எத்தனை பேர், எந்தப் பாதையில் நடந்து பார்த்தார்கள் என்ற குறிப்பு இருந்தால்தான் இரண்டு ஆண்டுகளை ஒப்பிடலாம். ஒன்றுமே காணாத நாளையும் எழுதிவைக்க வேண்டும். நான் அவ்வாறு எழுதவில்லை.

பெயர்களுக்குத் திரும்புவோம். தமிழில் பறவைப் பெயர்களைத் தொகுத்த க. ரத்னம் போன்றோரின் பணி அடித்தளமாக இருக்கிறது. ஆனால் சிங்கப்பூருக்கே உரிய இனங்களுக்குப் பெயர் நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அம்மாணவியும் நானும் ஒரு மாலைப்பொழுது முழுவதும் முயன்றோம். வரிவயிறுடையதை ஆங்கிலத்தில் 'பேண்டட்' என்கிறார்கள். 'பட்டை மரங்கொத்தி' என்றேன். மரத்தின் பட்டையைக் கொத்துவது என்றுதான் தமக்குப் பொருள்படுகிறது என்றார். அவர் சொன்னது சரி. 'செஞ்சிறகு' என்றால், மலேசியக் காடுகளிலுள்ள வேறோர் இனத்துக்கு அப்பெயர் பொருந்தும். 'மஞ்சள் பிடரி'யும் முன்பே வேறொன்றுக்குப் போய்விட்டது. இறுதியில் 'வரிவயிற்று மரங்கொத்தி' என்று ஒப்புக்கொண்டோம். பொன்முதுகுடையதற்கு மலாய் அண்டைவீட்டாரிடமிருந்து கடன்பெற்று 'இளம்பாக்கு மரங்கொத்தி' எனலாம் என்றேன். தமிழ்நாட்டுப் பறவையோடு குழப்பம் வராது. பெயரும் இம்மண்ணின் பெயராக இருக்கும். இதற்கு அவர் தயங்கினார். இளம்பாக்கை அவர் பார்த்ததே இல்லை. லிட்டில் இந்தியாவில் வெற்றிலைக் கடையிலிருந்து பாக்கு வாங்கிவந்து காட்டினேன். அது உலர்ந்த பாக்கு, நிறம் ஒத்துவரவில்லை.

பச்சை முதுகுடையதற்கு நான் சொன்ன 'பின்னல்வயிற்று மரங்கொத்தி'யை அவர் ஏற்கவே இல்லை. பின்னல் என்றால் சடைதான் நினைவுக்கு வருகிறதாம். 'கோலவயிறு' என்பது அவருடைய சொல். வகுப்பில் கேட்டுவிட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். அதுவரை என் புதிய குறிப்பேட்டில் அப்பறவைக்கு நேரே இரண்டு பெயர்களும் இருக்கின்றன. கூடவே நாள், நேரம், நடந்த பாதை, கண்டதா கேட்டதா என்னும் குறிப்புகளும்.